துல்லியம் தோற்ற இடம்: ஸ்லோவேன், பிலிப்பினோ மொழிகளின் எழுத்துச் சீர்திருத்த வரலாறு

ஸ்லோவேன் தென் ஸ்லாவியக் கிளையைச் சேர்ந்த ஐரோப்பிய மொழி. பிலிப்பினோ, ஆஸ்திரோனேசியக் குடும்பத்துத் தகலாக் மொழியை அடித்தளமாகக் கொண்டது. பிறப்பால் இவ்விரண்டுக்கும் உறவில்லை. அண்டை நிலத்து மொழிகளும் அல்ல. ஆயினும் இரண்டும் பேரரசுகளின் கீழ் வாழ்ந்தவை. எந்த எழுத்தில் எழுதுவது என்பதை அரசியல் கேள்வியாக எதிர்கொண்டவை. அக்கேள்விக்கு இரு நாட்டிலும் கிடைத்த விடையை ஒப்புநோக்கினால் ஓர் உண்மை தெளிகிறது. எழுத்துமுறையை நிலைநிறுத்துவது அதன் ஒலியியல் துல்லியம் அன்று; பள்ளியும் அச்சகமுமே.

இரு மொழிகளின் அச்சு வரலாறும் மறைக்கல்வியில்தான் தொடங்குகிறது. பிரிமோஷ் டிரூபர் என்ற புராட்டஸ்டன்ட் போதகர் 1550-இல் ஒரு மறைக்கல்வி நூலையும் ஓர் அரிச்சுவடியையும் ஸ்லோவேனில் வெளியிட்டார். தாய்நாட்டிலிருந்து துரத்தப்பட்டு ஜெர்மன் நிலத்தில் அடைக்கலம் புகுந்த நிலையில் செய்த பணி அது. 1593-இல் மணிலாவில் ஸ்பானியக் கத்தோலிக்கத் துறவிகள் மரக்கட்டை அச்சில் வெளியிட்ட ‘தொக்திரினா கிறிஸ்தியானா’ தகலாக்கை லத்தீன் எழுத்திலும், அம்மக்களின் பழைய பாய்பாயின் எழுத்திலும் தந்தது. பாய்பாயினில் சொல்லின் இறுதி மெய்யைக் குறிக்க வழியில்லை. காலப்போக்கில் லத்தீன் எழுத்தே எஞ்சியது; அதுவும் ஸ்பானிய எழுத்துக்கூட்டலோடு.

ஸ்லோவேனுக்கு ஆதாம் போஹோரிச் 1584-இல் இலக்கணம் வகுத்தார். டால்மாட்டினின் விவிலிய மொழிபெயர்ப்பு வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். கத்தோலிக்கரின் எதிர்ச் சீர்திருத்தக் காலத்தில் புராட்டஸ்டன்ட் நூல்கள் தீக்கிரையாயின. ஆனால் டால்மாட்டினின் விவிலியத்தைப் பாதிரிமார் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. போஹோரிச்சின் இலக்கணத்தில் நிலைபெற்ற ‘போஹோரிச் எழுத்து’ இருநூற்றைம்பது ஆண்டு நீடித்தது. அதன் குறை வெளிப்படையானது. நீண்ட ‘எஸ்’ ஓர் ஒலிக்கும் குட்டை ‘எஸ்’ வேறோர் ஒலிக்கும் நின்றன. பெரிய எழுத்தில் எழுதும்போதோ இரண்டும் ஒன்றாகிவிடும்.

இதைக் களைய முனைந்தவர் வியன்னாவில் அரசவை நூலகத்தில் பணியாற்றிய யெர்னெய் கோபிடார். ஒலிக்கு ஓர் எழுத்து என்பது அவர் கொள்கை. அவ்வழியில் 1824-இல் டாய்ன்கோவும் 1825-இல் மெடெல்கோவும் தனித்தனி எழுத்துமுறைகளை வகுத்தனர். மெடெல்கோவின் முறை, சில சிரிலிக் வடிவங்களையும் கலந்து, ‘எ’, ‘ஒ’ உயிர்களின் திறந்த, மூடிய ஒலிகளைக்கூடப் பிரித்துக் காட்டியது. ஒலியியல் நோக்கில் இது அருமையான வேலை என்றே சொல்வேன். ஆனால் 1830-களில் எழுந்த ‘அரிச்சுவடிப் போரில்’ அறிஞர் மத்தியா சோப் அதைக் கடுமையாக மறுத்தார். கவிஞர் பிரான்ஸ் ப்ரெஷெரெனும் உடன் நின்றார். 1833-இல் பள்ளிகளில் மெடெல்கோ எழுத்து தடை செய்யப்பட்டது.

அந்த இடத்தைப் பிடித்தது எந்த ஸ்லோவேனியரும் வகுக்காத எழுத்து. குரோவேஷியரான லுதெவிட் காய், செக் மொழியைப் பின்பற்றி, எழுத்தின் தலையில் கொக்கி இடும் முறையை 1830-இல் முன்வைத்திருந்தார். பிளெய்வைஸ் 1843-இல் தொடங்கிய உழவர், கைவினைஞர் செய்தித்தாளான ‘நோவிட்சே’ சில ஆண்டுகளில் இம்முறைக்கு மாறியது. ப்ரெஷெரெனின் கவிதைத் தொகுப்பும் இதிலேயே அச்சானது. காய் முறையில் ‘எ’ என்ற ஒரே எழுத்து மூன்று உயிரொலிகளைச் சுமக்கிறது. மெடெல்கோ பிரித்ததை இது மீண்டும் கலந்துவிட்டது. வென்றதும் இதுதான்.

பிலிப்பைன்ஸில் சிக்கல் இன்னும் ஆழமானது. அங்கே எழுத்துக்கூட்டல் சொல்லின் வேரையே மறைத்தது. தகலாக்கில் வினைவேரின் உள்ளேயே இடைநிலை நுழையும். உண்ணுதலைக் குறிக்கும் ‘காயின்’ என்ற வேர் ‘குமாயின்’, ‘கினாயின்’ என்று உருமாறும். ஸ்பானிய முறையில் முதல் இரண்டுக்கும் ‘சி’, மூன்றாவதற்கு ‘க்யூ-யூ’. ஒலி மாறாதிருக்க எழுத்து மட்டும் மாறியதால் வேர் ஒன்றே என்பது கண்ணுக்குத் தெரியாமல் போனது. அறிஞர் பார்தோ தெ தவேரா 1880-களில் ‘கே’, ‘டபிள்யூ’ எழுத்துகளை முன்மொழிந்தார். எழுத்தாளர் ஹோசே ரிசால் 1886-இல் ஷில்லரின் ‘வில்ஹெல்ம் டெல்’ நாடகத்தைத் தகலாக்கில் பெயர்த்தபோது சீர்திருத்த எழுத்தைக் கையாண்டார். 1890-இல் ‘லா சொலிதாரிதாத்’ இதழில் அதற்காக வாதாடிக் கட்டுரையும் எழுதினார். ‘கே’ ஜெர்மானிய எழுத்து என்பது எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டு.

ரிசால் 1887-இல் தம் நண்பர் புளூமென்ட்ரிட்டைக் காண ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பொஹீமியாவுக்குச் சென்றார். ஸ்லோவேனியர் வாழ்ந்ததும் அப்பேரரசில்தான். காய் முன்மாதிரியாகக் கொண்ட செக் மொழியின் தாயகமும் பொஹீமியாவே. இதைத் தாக்கம் என்று கொள்ளலாகாது. ரிசாலின் மொழிபெயர்ப்பு அப்பயணத்துக்கு முந்தியது.

1892-இல் தோன்றிய கதிப்புனான் புரட்சி இயக்கம் ‘கே’ எழுத்தைத் தன் கொடியிலேயே பொறித்தது. ஸ்பானிய முறையில் எழுதினால் இயக்கத்தின் பெயரே ‘சி’-யில் தொடங்கும். எனினும் புரட்சி தந்த பெருமையால் மட்டும் சீர்திருத்தம் நிறைவேறிவிடவில்லை. ஸ்பெயினுக்குப் பின் வந்த அமெரிக்க ஆட்சி பள்ளிகளை ஆங்கிலத்துக்கு ஒப்படைத்தது. 1936-இல் தேசிய மொழி நிறுவனத்துக்குச் சட்டம் வந்தது. 1937-இல் அதிபர் கேசோன் தகலாக்கைத் தேசிய மொழிக்கு அடிப்படையாக அறிவித்தார். லோப்பே கே. சாந்தோஸின் இலக்கணமும் அதன் 20 எழுத்து ‘அபகாடா’வும் 1940-இல் பள்ளிக்குள் நுழைந்த பின்னரே ரிசாலின் எழுத்து நாட்டின் எழுத்தானது. அபகாடாவும் முழுத் துல்லியம் உடையதன்று. அழுத்தமும் குரல்வளை நிறுத்தமும் அன்றாட எழுத்தில் இடம்பெறுவதில்லை.

எழுத்து நிலைபெற்ற பின் இரு வரலாறுகளும் பிரிகின்றன. குரோவேஷியரின் எழுத்தை ஏற்ற ஸ்லோவேனியர், தென் ஸ்லாவியரை ஒன்றிணைக்க முனைந்த இலீரிய இயக்கம் அழைத்தபோதும் குரோவேஷியரின் மொழிக்குள் கரைய மறுத்தனர். கவிஞர் ஸ்டான்கோ விராஸ் அப்பக்கம் சென்றார், ப்ரெஷெரென் செல்லவில்லை. ஸ்லோவேன் அரிச்சுவடி இன்றும் 25 எழுத்துகளோடு நிற்கிறது. தகலாக்கோ பிற மொழியினரின், குறிப்பாகச் செபுவானோ பேசுவோரின், மனக்குறையை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. தேசிய மொழி 1959-இல் ‘பிலிப்பினோ’ எனப் பகர ஒலியோடு பெயர் பெற்றது. 1987 அரசமைப்பு அப்பெயரின் முதலெழுத்தை ‘எஃப்’ ஆக்கியது. அதே ஆண்டில் அரிச்சுவடி 28 எழுத்துகளாக விரிந்தது. பிற மொழிச் சொற்களுக்கும் பெயர்களுக்கும் இடம் தரும் பொருட்டுச் சேர்க்கப்பட்ட எட்டில், ரிசால் விலக்கிய ‘சி’யும் ‘க்யூ’வும் அடங்கும்.