மன்னார்க் கரையின் தைனமோ வானொலி

இலங்கையின் ஒலிபரப்பு வரலாறு கைவிடப்பட்ட கருவிகளிலிருந்தே தொடங்குகிறது. 1921இல் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராகப் பொறுப்பேற்ற எட்வர்ட் ஹார்பர், கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு அமைத்த ஒலிபரப்பியின் மூலம், 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையிலிருந்து இசைத்தட்டுகளைச் சோதனையாக ஒலிபரப்பினார். அதன் தொடர்ச்சியாக 1925 டிசெம்பர் 16இல் கொழும்பு வானொலி முறைப்படி இயங்கத் தொடங்கியது. வானொலி பற்றி எழுதுவோர் இச்செய்தியைத் தவறாமல் குறிப்பிடுவர். பழையதைப் பிரித்துப் புதியதை அமைக்கும் அதே கைத்திறனை, 1990க்குப் பின்னர் வடமாகாணத்து மக்களும் மன்னார்க் கரையோரத்தவரும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு அன்றாட வழக்கமாகவே கைக்கொண்டனர். ஒலிபரப்பு வரலாற்றில் அதற்குரிய இடம் இன்னும் வழங்கப்படவில்லை. இக்கரையில் வானொலி கேட்பதற்கென மக்கள் செய்துகொண்ட கருவிகளையும், அவற்றைச் சாத்தியமாக்கிய திருத்துநர் தொழிலையும் ஒருசேர வைத்துப் பார்த்தால்தான் அந்த இடம் விளங்கும்.

மன்னார் வானொலிக்கு ஏற்ற நிலம். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். இடையில் உள்ளது பெரும்பாலும் ஆழமற்ற உப்புநீர். மத்திய அலை எனப்படும் அலைவரிசை, நிலப்பரப்பைத் தழுவிச் செல்கையில் விரைவில் வலுவிழந்துவிடும். உப்புநீரோ மின்னை எளிதில் கடத்துவதால் கடலின் மேல் அவ்வலை மிகக் குறைந்த இழப்புடன் நெடுந்தூரம் போகும். 1939இல் தொடங்கப்பட்ட திருச்சிராப்பள்ளி நிலையமும் பின்னர் தூத்துக்குடியில் அமைந்த வலுமிக்க ஒலிபரப்பியும் இக்கரையில் எளிய கருவிகளுக்கும் எட்டியதன் காரணம் இதுவே.

அந்த எளிய கருவியைப் பழுதுபார்க்கும் தொழில் வளர்ந்த காலம் 1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலமாகும். வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடியால் அரசாங்கம் பிறநாட்டுப் பொருள்களின் வரவை இறுக்கியபோது, கெட்டுப்போன திரான்சிஸ்டர் வானொலியை எறிந்துவிட்டுப் புதியது வாங்கும் வழி பெரும்பாலோருக்கு இருக்கவில்லை. ஒரு வானொலி உயிர்பெற இன்னொன்று பிரிக்கப்பட வேண்டியிருந்தது. திருத்துநரின் மேசையில் இருந்த தகரப்பெட்டியே அவரது மூலதனம்: நிலையம் மாற்றும் மாறுகொள்ளளவி, செப்புக்கம்பி சுற்றிய கரிய ஃபெரைட் கோல், விரல்நுனியளவேயான சதுரத் தகரக் கூடுகள் ஆகியன அதில் கிடக்கும். அக்கூடுகளின் உச்சியிலுள்ள திருகுகளுக்கு நிறம் உண்டு; சிவப்பு அலையியற்றிக்குரியது, மஞ்சளும் வெள்ளையும் கறுப்பும் 455 கிலோஹேர்ட்ஸ் இடைநிலை அதிர்வெண்ணைப் படிப்படியாகப் பெருக்கும் சுருள்களுக்குரியவை. ஜப்பானிய உற்பத்தியாளர்கள் பலரும் இந்த நிறவரிசையையே பின்பற்றியதால், ஒரு வானொலியின் பாகம் இன்னொன்றில் பொருந்தியது. பாடநூலின் துணையின்றியே இத்தொழிலைக் கற்க முடிந்ததற்கு இந்தப் பொதுமை ஒரு முக்கிய காரணம் எனலாம். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் வானொலியும் ஒலிநாடாப்பதிவியும் இணைந்த பெரிய கருவிகள் வந்து குவிந்தன. பின்னாளில் மீட்டெடுக்கப்பட்ட பாகங்களில் பெரும்பங்கு இக்கருவிகளின் வயிற்றிலிருந்து வந்ததே.

1990 யூனில் அரசாங்கப் படையினருக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டது. 1914 முதல் கொழும்பையும் தலைமன்னாரையும் இணைத்த புகையிரதம் நின்றது; மன்னார்த் தீவைப் பெருநிலத்துடன் இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது; காலப்போக்கில் தீவு படையினரின் கட்டுப்பாட்டிலும் பெருநிலத்தின் கணிசமான பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் ஆயின. அதே ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களைச் சேர்ந்தோர் புத்தளம் பகுதியில் அகதிகளாயினர். வடக்கின் இரும்புக்கடை, பழைய உலோகம், உதிரிப்பாகம் ஆகிய வணிகங்களில் முஸ்லிம்களின் பங்கு பெரிதாகையால், எதை எங்கே எடுக்கலாம் என்று அறிந்திருந்த ஒரு முழுச் சமூகத்தின் அறிவும் அவர்களோடு பெயர்த்தெடுக்கப்பட்டது. போரையொட்டி அரசாங்கம் வடக்கின்மீது விதித்த பொருளாதாரத் தடைக்காலத்தின் கைத்திறனைப் புகழ்ந்து பேசுவோர் இந்த இழப்பைச் சேர்த்தே பேச வேண்டும்.

அரசாங்கம் வடக்கிற்குக் கொண்டுசெல்லத் தடைவிதித்த அல்லது கட்டுப்படுத்திய பொருள்களில் பெற்றோல், மண்ணெண்ணெய், சீமெந்து, உரம் ஆகியவற்றோடு பற்றரியும் இருந்தது. செய்தியோ முன்னெப்போதையும்விட இன்றியமையாததாயிற்று. மடுவிலும் பேசாலையிலும் அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர்ஸ்தானிகரகம் அமைத்த திறந்த நிவாரண நிலையங்களில் தங்கியிருந்தோருக்கும், படகேறி இராமேஸ்வரம் போவதா இருப்பதா என்று தடுமாறியோருக்கும், லண்டனிலிருந்து வந்த பிபிசி தமிழோசை போன்ற ஒலிபரப்புகள் எதிர்நாள் பற்றிய முடிவுகளுக்கு ஆதாரமாயிருந்தன.

இத்தேவைக்கு வடக்கெங்கும் கிடைத்த விடை சைக்கிளின் தைனமோ. சில்லில் உரசிச் சுழலும் போத்தல் வடிவான இச்சிறு மின்பிறப்பாக்கி 6 வோல்ற்றில் 3 வாற்று மின்னைத் தரவல்லது. நான்கு பற்றரிகளை வரிசையாக இணைத்தால் கிடைக்கும் அழுத்தமும் 6 வோல்ற்று என்பதால், அளவில் இரண்டும் பொருந்தின. எனினும் தைனமோ தருவது திசை மாறிமாறிப் பாயும் ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியதோ ஒரே திசையில் பாயும் நேரோட்டம். இதனை மாற்ற, மின்னை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் டயோட்டுகள் நான்கும், ஏற்றத்தாழ்வைத் தேக்கிச் சமன்செய்யும் கொள்ளளவி ஒன்றும் வேண்டும். மின்சாரத்திலும் இயங்கக்கூடியதாகச் செய்யப்பட்ட ஒலிநாடாக் கருவிகளில் இவை ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தன. மின்சாரமே இல்லாத ஊரில் பயனற்றுக் கிடந்த அப்பகுதி, தைனமோவின் இரு கம்பிகளையும் உரிய இடத்தில் பற்றவைத்ததும் தன் பழைய வேலையைச் செய்தது.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுற்ற, மற்றவர்கள் வானொலியைச் சூழ்ந்திருந்து கேட்பர். சுற்றும் வேகம் குறைந்தால் குரல் மங்கும். கூடினால் ஆபத்து வேறு. வானொலி உறிஞ்சும் மின்னோட்டம் மிகச் சிறிது. சுமை குறைந்த தைனமோவின் அழுத்தமோ வேகத்தோடு 6 வோல்ற்றைக் கடந்து ஏறி, திரான்சிஸ்டரை எரித்துவிடக்கூடும். முன்விளக்கின் மின்குமிழையும் இணைப்பிலேயே விட்டுவைத்தால் மிகுமின்னை அது வாங்கிக்கொள்ளும். இருட்டில் வெளிச்சமும் கிடைக்கும். காப்பும் பயனும் ஒன்றாய் அமைந்த இந்த ஏற்பாடு, எளிமையில் எந்தப் பொறியியலாளரும் மதிக்கத்தக்கது.

தீர்ந்துபோன பற்றரிகளும் எறியப்படவில்லை. நாகக் கூட்டினுள் கரித்தண்டும் மங்கனீசு ஈரொட்சைட்டுப் பசையும் கொண்ட அக்கலம் செயலிழப்பதற்கு உள்ளேயுள்ள ஈரம் வற்றுவதும் ஒரு காரணமாதலால், ஆணியால் துளையிட்டு உப்புநீர் செலுத்தினால் சிறிது நேரம் மீண்டும் மின் தரும். வெயிலில் வைத்துச் சூடேற்றுவதும் ஓரளவு உதவும். இம்முறையால் கிடைத்தது சில நிமிடங்களே எனினும், ஒரு செய்தியறிக்கைக்கு அது போதுமானதாயிருந்தது.

இக்காலத்திலேயே ஜப்பானில் வேறொரு கையடக்கக் கருவி நான்கு பற்றரிகளில் இயங்கத் தொடங்கியிருந்தது. நின்டெண்டோ நிறுவனம் 1989இல் வெளியிட்ட கேம் போய் விளையாட்டுக் கருவியின் பின்னணியிலிருந்த குன்பெய் யோகொய், புத்தம்புதிய தொழில்நுட்பத்தை நாடாது, பழகி மலிந்துபோன பாகங்களைப் புதிய நோக்கில் பயன்படுத்துவதே சிறந்த வடிவமைப்பு என்னும் கொள்கையுடையவர்; அதனாலேயே வண்ணமற்ற எளிய திரையை அதற்குத் தேர்ந்தார். யோகொயின் சிந்தனை வடிவமைப்புக் கல்வியில் கற்பிக்கப்படுகிறது. அதே சிந்தனையை, வேறு வழியேயின்றி, தன் கையால் செய்துகாட்டிய வடபுலத்துத் திருத்துநரின் பெயர் எந்தப் பாடத்திலும் இல்லை. அத்திருத்துநர்களுள் முதியோர் உயிரோடிருக்கும்போதே அவர்களது வாய்மொழியும் எஞ்சியுள்ள கருவிகளும் சேகரிக்கப்பட வேண்டும்.

2002 சனவரியில் தடை தளர்த்தப்பட்டதும் பற்றரி கடைகளில் தாராளமாகக் கிடைத்தது. தைனமோ மீண்டும் முன்விளக்குக்கே உரியதாயிற்று. 2006இல் போர் மீண்டும் தீவிரமடைந்து, 2008இல் மன்னார்ப் பெருநிலம் முழுவதும் படையினர் வசமாகி, 2010இல் புதிய பாலம் அமைந்து, 2015இல் தலைமன்னார்ப் புகையிரதமும் திரும்பியபோது, திருத்துநரின் மேசையை அலைபேசி பிடித்துக்கொண்டிருந்தது. நிறத்திருகுகள் கொண்ட தகரக் கூடுகள் அலைபேசியில் இல்லை. கண்ணுக்கு எளிதில் புலப்படாத பாகங்கள் பலகையோடு ஒட்டியே வருகின்றன. பழுதென்றால் பெரும்பாலும் பலகையே மாற்றப்படுகிறது.