புதுக்கோட்டையின் மரவளரி

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், குடிகள் பற்றிய பெருநூலின் மூன்றாம் தொகுதியில், அன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த வளரி என்னும் எறியாயுதங்களைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கிறது. சில வளரிகள் யானைத் தந்தத்தால் ஆனவை. அவை தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்தவை. இன்னொன்று வெறும் மரம், புதுக்கோட்டையிலிருந்து வந்தது. பழைய ஆயுதம் தேடி வாங்குகிறவர்களின் கண் தந்தத்தின் மேல்தான் விழும். அரிய பொருள், அரசர் வீட்டுப் பொருள், விலையும் அதற்கேற்ப இருக்கும். ஆனால் வளரி என்ற ஆயுதத்தின் வரலாற்றைச் சொல்லும் தகுதி அந்த மரத்துண்டுக்கே அதிகம். அது எங்கே, யார் வீட்டில், எதற்காக வைக்கப்பட்டிருந்தது என்ற செய்தியிலிருந்து பிரித்துவிட்டால் அந்தத் தகுதியும் போய்விடும்.

வளரியை அடையாளம் காண்பது துப்பாக்கியை அடையாளம் காண்பதைப் போன்றதல்ல. பழைய ரிவால்வர் ஒன்று கைமாறி வந்தால், அதன் சட்டத்தில் எண் பொறித்திருக்கும். சோதனை முத்திரையும் இருக்கலாம். கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸன் போன்ற நிறுவனங்கள் தங்கள் பழைய பதிவேட்டைப் பார்த்து, அந்த எண்ணுள்ள துப்பாக்கி எந்த ஆண்டு எந்த வடிவில் வெளியே போனது என்று கடிதமே தருகின்றன. விசேஷப் பதிப்பு என்று விற்பவர் சொல்வது உண்மையா என்பதை அந்தக் கடிதம் காட்டிக்கொடுத்துவிடும். வளரிக்கு எண்ணும் இல்லை, பட்டறைப் பதிவேடும் இல்லை. நமக்குக் கிடைத்திருப்பதில் அதற்கு மிக நெருக்கமானது, புதுக்கோட்டை சமஸ்தானத்துத் திவான் எழுதி அனுப்பிய, தர்ஸ்டன் தம் நூலில் சேர்த்துக்கொண்ட விவரம்தான். அதன்படி வளரி பெரும்பாலும் வயிரம் பாய்ந்த மரத்தால் ஆனது. சில சமயம் இரும்பாலும் செய்வார்கள். பிறை வடிவம். ஒரு முனை மற்றதைவிடக் கனம். வெளிவளைவின் விளிம்பு கூராக்கப்பட்டிருக்கும். எறிபவர் கனமில்லாத முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் சிலமுறை சுழற்றி, குறியை நோக்கி வீசுவார். வீசியவர் கைக்கே அது திரும்பி வரும் என்ற பேச்சு இந்த விவரத்தில் எங்கும் இல்லை. முனை கனத்து, விளிம்பு கூரான ஆயுதத்தை எறிந்தவனே திரும்பிப் பிடிக்க விரும்புவானா என்பதை யோசித்தாலே போதும். ஆஸ்திரேலியப் பூமராங்கில் திரும்பி வரும் இலேசான வகையின் குணத்தை வளரிக்கும் ஏற்றிவிட்டோம் என்றுதான் படுகிறது. அங்கேயும் வேட்டைக்கும் சண்டைக்கும் எறிந்த கனமான தடிகள் திரும்புவதில்லை.

திவானின் விவரத்தில் இன்னும் முக்கியமான பகுதி ஒன்று உண்டு. அந்தக் காலத்திலேயே வளரி எறிவதில் தேர்ந்தவர்கள் சமஸ்தானத்தில் இல்லாமல் போயிருந்தார்கள். முயல், காட்டுக்கோழி வேட்டையில் எப்போதாவது பயன்பட்டது, அவ்வளவே. கள்ளர், மறவர் வீடுகளில் பழைய குடும்ப ஆயுதங்களோடு பூசையறையில் அது இருந்தது. ஆயுத பூசையன்று வெளியே எடுத்து, சுரண்டித் துடைத்து, வணங்கி, மீண்டும் உள்ளே வைத்துவிடுவார்கள். பழம்பொருள் வாங்குகிறவர்கள் இந்த வரியைத் தவறவிடக் கூடாது. ஆண்டுதோறும் சுரண்டப்பட்ட மரத்தில் பழைய மெருகும் அழுக்கும் தங்காது. உண்மையான பழைய வளரி புதிது போல் தெரியலாம். எண்ணெய் தடவிப் புகையில் காட்டிய புதுவளரி தொன்மையானதாகத் தெரியலாம். பயிற்சிக்கென்று இப்போது செய்யப்படும் வளரிகளும் கைமாறிக் கொண்டிருக்கும்போது, கண்ணால் பார்த்து வயதைச் சொல்வது நம்பத்தக்கதல்ல. நம்பக்கூடியது, எந்த ஊர், எந்த வீடு, எத்தனை தலைமுறை என்ற தொடர்ச்சி மட்டுமே.

இந்தத் தொடர்ச்சி புதுக்கோட்டையில் தப்பியதற்குக் காரணம் உண்டு, அது பெருமைப்படத்தக்க காரணம் அல்ல. சிவகங்கையின் சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றதாகக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். கைதேர்ந்தவன் நூறு கஜத்துக்குள் குறி தப்பாமல் எறிவான் என்பது அவர் மதிப்பீடு. அந்தச் சின்ன மருது உள்ளிட்ட மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். டிசம்பரில் கம்பெனி வெளியிட்ட பிரகடனம் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்தது. புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமானோ கம்பெனியின் பக்கம் நின்றவர். கம்பெனியை எதிர்த்த கட்டபொம்மன் 1799இல் பிடிபட்டது புதுக்கோட்டை எல்லைக்குள்தான். உதவிக்குக் கைம்மாறாகக் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சார்ந்த நிலமும் தொண்டைமானுக்குக் கிடைத்தன. தொண்டைமான்களின் ஆட்சி 1948 மார்ச் வரை நீடித்தது. சிவகங்கையில் பறிபோன ஆயுதங்கள் இங்கே வீட்டிலும் அரண்மனையிலும் இருந்ததற்கு இந்த அரசியல்தான் காரணம் என்பது என் கணிப்பு. துரோகத்தின் நிழலில் பிழைத்த பொருளுக்கு இவ்வளவு மரியாதை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அரசர் எடுத்த முடிவுக்கு வளரி வைத்திருந்த குடியானவர் பொறுப்பல்ல. தோற்றவர்களின் ஆயுதம் எப்படி இருந்தது என்பதற்கான சாட்சி அவர்களுக்கு எதிராக நின்றவரின் நாட்டில்தான் மிஞ்சியிருக்கிறது என்றால், அதை அப்படியே சொல்லி ஏற்பதுதான் நேர்மை.

தந்த வளரியும் எறியக்கூடியதுதானே, அதை ஏன் ஒதுக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. தந்தம் கனமும் உறுதியும் உள்ளது என்பது சரி. ஆனால் கட்டாந்தரையிலோ பாறையிலோ விழுந்தால் விரிசல்விட்டுச் சிதறக்கூடியது. காடுமேட்டில் முயலை நோக்கி அதை யாரும் வீசியிருக்க மாட்டார்கள். அதன் வேலை அந்தஸ்தைக் காட்டுவது. அந்த அளவில் அது உண்மையான பொருள்தான். குடியானவர் ஆயுதத்தை அரண்மனை தன் மதிப்புக்குரிய பொருளில் செய்து வைத்துக்கொண்டது என்பதே ஒரு செய்தி. ஆனால் அந்தத் தஞ்சாவூர் ஆயுதசாலையின் கதி என்ன? தேர்ந்தெடுத்தவை சென்னைக்குப் போக, மீதிக் குவியல் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாகப் போனதை வால்ஹவுஸ் என்பவர் 1878இல் பதிவு செய்திருக்கிறார். அழகானவை பிழைத்தன, சாதாரணமானவை அழிந்தன. அந்தத் தேர்வை இன்றைய சேகரிப்பாளரும் தொடர்ந்தால் நமக்கு மிஞ்சுவது அரண்மனை வரலாறு மட்டுமே.

விலைக்கு வாங்குவதைச் சட்டமும் எளிதாக விடவில்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 1986ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இந்திய யானைத் தந்த வியாபாரம் கூடாது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த பொருளை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. சட்டத்துக்கு உட்பட்டே வாங்கினாலும், பூசையறையிலிருந்து பேர் ஊர் சொல்லாமல் வந்த வளரி வாங்குபவருக்கு ஒரு வளைந்த மரக்கட்டையாக மட்டுமே கிடைக்கும். அப்படியானால் எல்லாவற்றையும் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட வேண்டுமா, வீட்டுத் தெய்வத்தின் முன் இருப்பதைக் கேட்க யாருக்கு உரிமை என்று குடும்பங்கள் கேட்டால், அவர்கள் பக்கம்தான் நியாயம். பொருள் அங்கேயே இருக்கட்டும். 1910இல் தொடங்கிய புதுக்கோட்டை அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஒருவர் ஆயுத பூசைக்கு முன்பே, சுரண்டுவதற்கு முன்பே, வீட்டாரின் சம்மதத்தோடு போய், மரம் என்ன, எடை எவ்வளவு, எந்த முனை கனம், விளிம்பில் தேய்மானம் எங்கே, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எழுதிப் படம் எடுத்துக்கொண்டு, ஒரு படியை அந்த வீட்டிலேயே கொடுத்துவிட்டு வரலாம்.