மஞ்சள் கால்

எங்கள் நாமக்கல் பக்கம் பறவை என்றாலே வெள்ளை லெகார்ன் கோழிதான். மழையை நம்பிச் சலித்த குடியானவர்கள் கோழிப்பண்ணைக்கு மாறினார்கள். 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு வந்தபின் விலைக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது.

கொல்லிமலைக் காட்டில் கூவுவது வேறு சேவல், சாம்பல் காட்டுக்கோழி. தென்னிந்தியாவின் சொந்தப் பறவை. அதன் கழுத்திறகை வெயிலில் பிடித்துப் பாருங்கள்: நுனியில் மெழுகை உருக்கிச் சொட்டியதுபோல் மஞ்சள் பொட்டு. தூண்டிலுக்குப் பொய்ப்பூச்சி கட்ட அந்த இறகைச் சீமைக்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். அதற்காகவே எத்தனையோ சேவல்கள் செத்தன.

வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் மஞ்சள் தோலுக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழி தந்தது என்று 2008-ல் கண்டறிந்தார்கள். எங்கள் கூண்டுக்கோழிகளுக்கும் மஞ்சள் கால்தான். அடிவாரத்தில் கண்ணி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. அவர்கள் பிடிப்பது நமக்குச் சோறு போடும் கோழியின் பங்காளியை.