திரும்பிச் செல்ல வழியில்லாத் தேர்வு

கடினமான வினாவை விட்டுவிட்டுத் தெரிந்தவற்றை முதலில் எழுதுங்கள் என்றே நம் பள்ளிகளில் கற்பித்து வருகிறோம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்பை நாடுவோர் எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வு அப்பழக்கத்திற்கு இடமில்லாமல் செய்தது. 1992இல் கணினிக்கு வந்த அத்தேர்வு, மறு ஆண்டே விடைக்கேற்ப அடுத்த வினாவைத் தெரிவுசெய்யும் முறைக்கு மாறியது. சரியாக விடையளித்தால் கடினமான வினா வரும். தவறினால் எளிய வினா வரும். அளித்த விடையை மாற்ற இயலாது. வினாவைத் தாண்டிச் செல்லவும் இயலாது. எளிய வினாவைக் கண்டு மகிழவேண்டிய மாணவர், முந்தைய விடை தவறோ என்று கலங்க நேர்ந்தது!

இவ்வச்சத்திற்குக் கணினிப் பயிற்சிக் குறைவு மட்டுமே காரணம் என்பதை நான் ஏற்பதில்லை. தேர்வின் அமைப்பே அதனை வளர்த்தது. 2011 ஆகஸ்டில்தான், ஒரு பகுதிக்குள் வினாவைத் தாண்டவும் திரும்பிவந்து விடையை மாற்றவும் ஜி.ஆர்.இ. இடமளித்தது. மேலாண்மைக் கல்விக்குரிய ஜிமேட் தேர்வில் அவ்வாய்ப்பு 2023இல்தான் கிட்டியது. அதுவும் பகுதிக்கு 3 விடைகளை மட்டுமே மாற்றலாம்.