மறைமொழியின் கதை – 9: மூன்று எழுத்து, இரண்டு முறை

ஜெர்மனியின் மறையெழுத்து இயந்திரமான எனிக்மாவை உடைத்தவர் யார் என்று கேட்டால் ஆலன் டூரிங் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். டூரிங் மாமேதை; போர்க்காலத்தில் அவர் செய்ததில் ஒரு துளியும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த இயந்திரம் முதன்முதலில் தோற்றது 1932 டிசம்பரில், போலந்தின் வார்சா நகரில், மரியன் ரெயெவ்ஸ்கி என்ற 27 வயதுக் கணித இளைஞரிடம். டூரிங் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர்.

ஆகஸ்த் கெர்க்காஃப்ஸ் 1883-ல் வகுத்த விதியைச் சென்ற வாரம் பார்த்தோம். மறைமுறை முழுவதும் எதிரியின் கையில் சிக்கினாலும் பாதகம் வரக்கூடாது; ரகசியம் சாவியில் மட்டுமே இருக்க வேண்டும். ஜெர்மானியர்கள் இந்த விதியை நன்றாகவே அறிந்திருந்தார்கள். எனிக்மா ஒன்றும் ராணுவத்தின் ஆய்வுக்கூடத்தில் ஒளித்து வைத்துச் செய்த கருவி அல்ல. ஆர்தர் ஷெர்பியஸ் என்ற பொறியாளர் 1918-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, பிறகு வங்கிகளுக்கும் நிறுவனங்களுக்கும் விற்பனைக்கே வைத்த சரக்கு அது. கடற்படை 1926-ல் அதை ஏற்றது, தரைப்படை இரண்டு ஆண்டு கழித்து. இயந்திரம் ஒருநாள் எதிரியிடம் போய்ச் சேரும் என்று எண்ணியே சாவியைப் பெரிதாக்கினார்கள்.

பார்ப்பதற்குத் தட்டச்சு இயந்திரம் போலிருக்கும். ஒரு விசையை அழுத்தினால் மின்சாரம் மூன்று சக்கரங்களின் வழியே போய், கடைசியில் ஒரு தகட்டில் பட்டுத் திரும்பி வந்து, வேறோர் எழுத்தின் விளக்கை எரிய வைக்கும். ஒவ்வொரு தட்டலுக்கும் முதல் சக்கரம் ஓர் இடம் நகரும். அதனால் அதே விசையை மறுபடி தட்டினால் வேறு விளக்கு எரியும். மூன்று சக்கரங்களை ஆறு வரிசையில் மாட்டலாம். ஒவ்வொன்றுக்கும் 26 நிலை. மொத்தம் 1,05,456 தொடக்க நிலைகள். ராணுவம் இத்தோடு நிற்கவில்லை. முன்பக்கம் ஒரு பலகை வைத்து, ஆறு கம்பிகளால் எழுத்துகளை இரண்டிரண்டாக இடம் மாற்றியது. அந்தப் பலகையை மட்டுமே பத்தாயிரம் கோடிக்கும் அதிகமான விதங்களில் இணைக்கலாம். இரண்டையும் பெருக்கினால் வரும் எண்ணை நினைத்துப் பார்த்தாலே எவருக்கும் நம்பிக்கை வந்துவிடும். பிரிட்டனும் பிரான்ஸும் ஏறக்குறைய கைவிட்டே விட்டன.

போலந்து கைவிட முடியாத இடத்தில் இருந்தது. ஒரு பக்கம் ஜெர்மனி, மறுபக்கம் சோவியத் ரஷ்யா. 1929 ஜனவரியில் போஸ்னான் பல்கலைக்கழகக் கணித மாணவர்களுக்கு மறையெழுத்து வகுப்பு ஒன்றை ராணுவம் ரகசியமாகத் தொடங்கியது. மறைமொழி உடைப்பவர்கள் என்றால் மொழி அறிஞர்கள் என்றே உலகம் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. கணிதக்காரர்களைத் தேடிப் போனதுதான் போலந்து எடுத்த மிகச் சரியான முடிவு என்பேன். போஸ்னான் முதல் உலகப்போர் முடியும்வரை ஜெர்மன் ஆட்சியில் இருந்த ஊர். மாணவர்களுக்கு ஜெர்மன் தண்ணீர் பட்ட பாடு. அந்த வகுப்பிலிருந்து தேறி வந்தவர்கள்தான் ரெயெவ்ஸ்கி, யெர்ஸி ருஜிட்ஸ்கி, ஹென்ரிக் ஸிகால்ஸ்கி.

1932 இலையுதிர் காலத்தில் ரெயெவ்ஸ்கியைத் தனி அறையில் உட்கார வைத்து எனிக்மா காகிதங்களைக் கொடுத்தார்கள். கூட இருந்த இருவரிடமும் சொல்லக்கூடாது என்று கட்டளை.

அன்றாடச் சாவி ஒரு தாளில் அச்சாகி எல்லாப் பிரிவுகளுக்கும் போகும். அன்றைய செய்திகள் எல்லாவற்றையும் அதே நிலையில் தொடங்கினால் ஆபத்து. ஆகவே இயக்குபவர் ஒவ்வொரு செய்திக்கும் தானாக மூன்று எழுத்தைத் தேர்ந்து, அதை அன்றைய நிலையில் தட்டி அனுப்பிவிட்டு, சக்கரங்களை அந்த மூன்று எழுத்துக்குத் திருப்பிக்கொண்டு செய்தியைத் தொடங்குவார். இதுவரை பழுதில்லை. ஆனால் வானொலியில் இரைச்சல் வந்து ஓர் எழுத்து தவறிப்போனால்? அதற்காக அந்த மூன்று எழுத்தையும் இரண்டு முறை தட்டச் சொன்னார்கள். எனவே ஒவ்வொரு செய்தியின் தலையிலும் ஆறு எழுத்துகள். முதல் எழுத்தும் நான்காம் எழுத்தும் ஒரே எழுத்தின் இரண்டு வேடங்கள்.

ரெயெவ்ஸ்கி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். ஒரு செய்தியின் முதல் எழுத்து ஏ, நான்காவது ஆர். இன்னொன்றில் முதல் எழுத்து ஆர், நான்காவது டி. டி-யில் தொடங்கிய செய்தியில் நான்காவது எம். எம்மில் தொடங்கியதில் ஏ. நான்கு எழுத்தில் ஒரு சங்கிலி மூடிக்கொண்டது. ஒரே நாளில் அறுபது, எண்பது செய்திகள் கிடைத்தால் 26 எழுத்துகளும் இப்படிச் சங்கிலிகளில் அடங்கிவிடும். இனி அவர் கண்டதைக் கவனியுங்கள். முன்பலகையின் கம்பிகளை எப்படி மாற்றிச் செருகினாலும் சங்கிலியில் உள்ள எழுத்துகள்தான் மாறும். சங்கிலியின் நீளம் மாறாது. நீளத்தைத் தீர்மானிப்பவை சக்கரங்கள் மட்டுமே. பத்தாயிரம் கோடி என்று பயமுறுத்திய அரண் ஒரே வாதத்தில் கணக்கிலிருந்தே விழுந்துவிட்டது. மிஞ்சியது 1,05,456. பொறுமை இருந்தால் அதைக் கையாலேயே எண்ணி முடிக்கலாம்.

சக்கரங்களுக்குள் கம்பி எப்படி ஓடுகிறது என்பது இன்னும் தெரியவில்லை. அங்கே ஒரு துரோகம் கைகொடுத்தது. ஜெர்மன் பாதுகாப்பு அமைச்சகத்தின் மறைமொழிப் பிரிவில் வேலை பார்த்த ஹான்ஸ் திலோ ஷ்மிட், பணத்துக்காக ஆவணங்களைப் பிரெஞ்சு உளவுத்துறைக்கு விற்றார். குஸ்தாவ் பெர்த்ரான் என்ற அதிகாரி அவற்றை வார்சாவுக்குக் கொண்டுவந்தார். அவற்றில் 1932 செப்டம்பர், அக்டோபர் மாதச் சாவிகள் இருந்தன. அந்த இரு மாதங்களும் வெவ்வேறு காலாண்டுகளில் விழுந்தன. சக்கர வரிசையோ காலாண்டுக்கு ஒருமுறைதான் மாறியது. ஆகவே இரண்டு சக்கரங்களைத் தனித்தனியே சமன்பாட்டில் நிறுத்த முடிந்தது.

அப்படியும் விடை வரவில்லை. விசைப்பலகையிலிருந்து சக்கரங்களுக்குக் கம்பிகள் எந்த வரிசையில் போகின்றன? கடையில் விற்ற இயந்திரத்தில் தட்டச்சு விசைகளின் வரிசை. ராணுவ இயந்திரத்தில் வெறும் அகரவரிசையாக இருக்குமோ என்று ஒருநாள் ரெயெவ்ஸ்கி போட்டுப் பார்த்தார். பூட்டு திறந்தது. ஜெர்மானியர்களின் ஒழுங்குப் பழக்கத்தை நன்கு அறிந்த ஒருவரின் ஊகம் அது. 1933 ஜனவரியில் செய்திகளைப் படிக்கத் தொடங்கினார்கள். மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள்.

இயக்குபவர்களும் தங்கள் பங்குக்கு உதவினார்கள். தேர்ந்தெடுக்கச் சொன்ன மூன்று எழுத்துக்கு ஏ ஏ ஏ, பி பி பி என்று போட்டார்கள். அது தடைசெய்யப்பட்டதும் விசைப்பலகையில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகளுக்குத் தாவினார்கள். இன்றைக்கும் கடவுச்சொல் கேட்டால் ஒன்று இரண்டு மூன்று என்று வரிசையாகத் தட்டுகிறவர்கள் எத்தனை பேர்!

அடுத்த ஆறு ஆண்டும் ஓயாத ஓட்டம். 1,05,456 நிலைகளுக்கும் சங்கிலி நீளங்களை அட்டைகளில் குறிக்க ஓராண்டுக்கு மேல் ஆனது. 1937 நவம்பரில் ஜெர்மானியர்கள் திருப்பி அனுப்பும் தகட்டை மாற்ற, அத்தனை அட்டைகளும் வீண், மறுபடி முதலிலிருந்து. 1938 செப்டம்பரில் சாவி முறையே மாறியது. ரெயெவ்ஸ்கி பாம்பா என்ற மின்பொறியை வடிவமைத்தார். ஸிகால்ஸ்கி சதுரத் தாள்களில் ஏறக்குறைய ஆயிரம் ஆயிரம் துளைகளைச் சவர அலகால் வெட்டி, அடுக்கி, வெளிச்சம் ஊடுருவும் துளையைத் தேடும் வழியைக் கண்டார். அந்த டிசம்பரிலேயே மேலும் இரண்டு சக்கரங்கள் வந்தன. ஆறு வரிசை அறுபதாகிவிட்டது. போலந்திடம் அறிவு இருந்தது. பத்து மடங்கு பொறிகளுக்குப் பணம் இல்லை.

1939 ஜூலை 25, 26. வார்சாவுக்குத் தெற்கே பீரி காட்டில் இருந்த ரகசிய நிலையத்துக்குப் பிரெஞ்சுக்காரர்களையும் பிரிட்டிஷ்காரர்களையும் அழைத்து, இருந்ததையெல்லாம் கொட்டிக் கொடுத்தார்கள். ஆளுக்கோர் எனிக்மா நகலும் தருவதாகச் சொன்னார்கள். பிரிட்டனின் மூத்த நிபுணர் டில்லி நாக்ஸ் கேட்ட முதல் கேள்வியே அந்தக் கம்பி வரிசை பற்றித்தான். அகரவரிசை என்று பதில் வந்தது. ஐந்து வாரத்தில் போர் மூண்டது.

மூவரும் ருமேனியா வழியாகப் பிரான்ஸுக்குத் தப்பினார்கள். ருஜிட்ஸ்கி 1942 ஜனவரியில் மத்தியதரைக் கடலில் கப்பல் மூழ்கி இறந்தார். மற்ற இருவரும் 1943-ல் பிரனீஸ் மலையைக் கடந்தபோது வழிகாட்டியே துப்பாக்கியைக் காட்டிப் பணத்தைப் பறித்தான், ஸ்பெயினில் சிறை. ஒருவழியாகப் பிரிட்டன் வந்து சேர்ந்தபோது, அவர்களைச் சாதாரணக் கைமறைமொழி வேலையில் போட்டார்கள். எனிக்மாவைப் பிரிட்டன் படித்துக்கொண்டிருந்த பிளெட்ச்லி பார்க்கின் வாசலைக்கூட அவர்களுக்குக் காட்டவில்லை. நட்பு நாடு செய்யக்கூடாத காரியம் அது. எந்த ரகசியக் கட்டுப்பாட்டைக் காரணம் சொன்னாலும் என்னால் அதை ஏற்க முடியவில்லை.

ரெயெவ்ஸ்கி 1946-ல் போலந்து திரும்பி, தொழிற்சாலைகளில் கணக்கு வேலை பார்த்தார். பெர்த்ரானின் நூல் 1973-ல் வெளியாகும்வரை அவர் யாரென்று உலகுக்குத் தெரியாது. 1980 பிப்ரவரியில் வார்சாவில் காலமானார்.

1940 மே 1 அன்று ஜெர்மானியர்கள் மூன்று எழுத்தை இரண்டு முறை தட்டுவதை நிறுத்தினார்கள். போலந்து கண்ட வழி அன்றோடு பெரும்பாலும் அடைபட்டது. அதற்கு முன்பே டூரிங் வேறொரு வழியைக் கட்டத் தொடங்கியிருந்தார். அது அடுத்த வாரம்.