வெட்சி: போரைத் தொடங்கிவைத்த பூ

இட்லிப்பூ என்றால் தமிழ்நாட்டில் தெரியாத பிள்ளைகள் குறைவு. கொத்திலிருந்து ஒரு பூவைப் பறித்து, நடுவிலிருக்கும் இழையை மெல்ல உருவி, அதன் நுனியில் வரும் துளித் தேனைச் சப்பியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்தச் செடியின் பழைய பெயர் வெட்சி. சங்ககால மறவர்கள் மாற்றார் ஊருக்கு மாடு கவரப் புறப்பட்டபோது சூடிய பூ இது.

அன்று செல்வமென்றால் ஆநிரைதான். பகைவனின் மாடுகளை ஓட்டிவருவதே அவனைப் போருக்கு அழைக்கும் முறை. தொல்காப்பியம் புறத்திணைகளின் வரிசையில் வெட்சியை முதலில் வைத்து, குறிஞ்சிக்குப் புறன் என்று இடம் வகுத்து, அதற்கு 14 துறைகளைச் சொல்கிறது. கவர்ந்த மாட்டை மீட்பதும் அங்கே வெட்சிக்குள் அடக்கம். பிற்காலத்தில் புறப்பொருள் வெண்பாமாலை பாடிய ஐயனாரிதனார் இரண்டையும் பிரித்தார். கவர வருபவன் வெட்சி சூடினான். மீட்கப் போகிறவன் கரந்தை சூடினான்.

இதெல்லாம் புலவர் கற்பனை என்று தள்ளிவிட முடியாதபடி கற்கள் சாட்சி சொல்கின்றன. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த தமிழி எழுத்து நடுகல் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்துபோன அந்தவன் என்ற வீரனுக்காக நட்டது. இலக்கணம் பேசும் ‘ஆகோள்’ என்ற அதே சொல் அந்தக் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதியில் இத்தகைய கற்கள் ஏராளம். அவற்றுள் எடுத்தனூர்க் கல் மறக்க முடியாதது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில் எருமைகளைக் காத்து மாண்ட வீரனோடு, கள்ளர் இருவரைக் கடித்துக் காத்துநின்ற கோவிவன் என்ற நாயும் அதில் இடம்பெற்றிருக்கிறது.

வெட்சிக்கு மென்மையான முகமும் உண்டு. திருமுருகாற்றுப்படையில் மலையில் ஆடும் தெய்வப்பெண்களான சூரரமகளிர் கூந்தலில் அதன் சிறு பூவைச் செருகிக்கொள்கிறார்கள். முருகன் செச்சைக் கண்ணி அணிந்து வருகிறான். செச்சையும் வெட்சியும் ஒன்றே என்பது உரைகாரர் வழக்கு.

ஐரோப்பியர் கண்ணில் இந்தச் செடி மலபார் கரையில் பட்டது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட், இட்டி அச்சுதன் என்ற வைத்தியரின் அறிவைத் துணைகொண்டு மலபார்த் தாவரங்களைப் படமும் விளக்கமுமாகத் தொகுத்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த அந்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்’ நூலில், மலையாளத்துச் ‘செத்தி’ என்ற பெயரோடு வெட்சி இடம்பிடித்தது. 1753-ல் லின்னேயஸ் அதற்கு இக்சோரா காக்சினியா என்று பெயரிட்டார். தென்னிந்தியாவும் இலங்கையும் தாயகமான செடி, பிறகு வெப்பமண்டல நாடுகளின் தோட்டங்களுக்கெல்லாம் பரவியது.

அந்தப் பயணம் ஒரு குழப்பத்தையும் கொண்டுவந்தது. இன்று பூங்காக்களிலும் அடுக்குமாடி வாசல்களிலும் நிற்பவற்றுள் பல, சீனத்து இனமான இக்சோரா சைனென்சிஸ் அல்லது குட்டையான கலப்பு வகைகள். பூவை உற்றுப் பார்த்தால் வேறுபாடு தெரியும். நம் வெட்சிக்கு நான்கு இதழும் நுனி கூர்ந்திருக்கும். சீனத்து வகையில் இதழ்நுனி உருண்டிருக்கும். வெட்சியின் இலைகள் எதிரெதிராக, ஏறக்குறைய காம்பே இல்லாமல் தண்டைத் தழுவி நிற்கும். காய் பழுத்தால் சிவந்து, பிறகு கருஞ்சிவப்பாகும். பிள்ளைகளும் பறவைகளும் தின்பார்கள்.

வளர்ப்பதில் மண்தான் முக்கியம். வெட்சிக்குச் சற்றே புளிப்புத்தன்மையுள்ள, நீர் தேங்காத செம்மண் ஒத்துவரும். புதுக் கட்டடச் சுவரோரம் நட்டால் சிமெண்டிலிருந்து இறங்கும் சுண்ணாம்பு மண்ணைக் கெடுக்கும். இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியாமல் இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உப்புத்தண்ணீர் ஊற்றும் தோட்டங்களிலும் இதே நிலைதான். அதற்கு மக்கிய எருவும் இலைமக்கும் நிறையப் போட்டு, நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் இரும்புச்சத்துள்ள அன்னபேதியைக் கொஞ்சமாக நீரில் கரைத்து விடலாம்.

வெயில் நன்றாக விழும் இடத்தில் பூ கூடும். கொத்து கிளைநுனியில்தான் வரும் என்பதால், சதுரவேலியாக ஓயாமல் கத்தரித்தால் மொட்டும் சேர்ந்து போய்விடும். ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்து அடுத்த முறை கொத்துகள் பெருகும். மழைக்காலத்தில் பென்சில் பருமனுள்ள பாதி முற்றிய தண்டை வெட்டி, நிழலில் ஈரமணலில் நட்டால் வேர்பிடிக்கும். நாற்றங்காலில் வாங்குபவர்கள் பூத்திருக்கும் செடியைக் கேட்டு, இதழ்நுனியைப் பார்த்து எடுப்பது நல்லது. பூக்காத நிலையில் நாட்டு வெட்சியையும் கலப்பு வகையையும் விற்பவரே மாற்றிக் கொடுத்துவிடக்கூடும்.