அலைவரிசை யாருக்குரியது? – லோங்வி தொழிலாளர் வானொலியும் பிரெஞ்சு அரசும்

ஒலிபரப்பின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அக்கருவிகளின் வழி யார் பேசினர், யாருக்குப் பேசும் வாய்ப்பு மறுக்கப்பட்டது என்னும் வினா அருகியே எழுப்பப்படுகின்றது. பிரான்சின் வடகிழக்கு எல்லையிலுள்ள லோங்வி நகரில் 1979இல் தோன்றிய வானொலி நிலையமொன்றை இவ்வினாவின் அடிப்படையில் நாம் நோக்க முற்படுகின்றோம்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் பிரான்சில் ஒலிபரப்பு அரசின் ஏகபோகமாயிற்று. 1974இல் ஓ.ஆர்.ரி.எப். எனும் அரச ஒலிபரப்பு நிறுவனம் பல கூறுகளாகப் பிரிக்கப்பட்டபோதும் ஏகபோகம் கைவிடப்படவில்லை. 1976இல் இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம் உள்ளூர் ஒலிபரப்பில் அரச ஏகபோகம் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. அயல்நாட்டின் இவ்வனுபவம் பிரான்சிலும் அனுமதியற்ற நிலையங்கள் தோன்றுவதற்கு உந்துதலாயிற்று. அரசோ 1978 ஜூலையில் தண்டனைகளைக் கடுமையாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

அதே ஆண்டு டிசம்பரில், உருக்குத் தொழிலில் 20,000க்கும் மேற்பட்ட வேலைகளை ஒழிக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. உருக்காலைகளையே நம்பி வாழ்ந்த லோங்விப் பிரதேசம் கொதித்தெழுந்தது. இச்சூழலிலேயே சி.ஜி.ரி. தொழிற்சங்க சம்மேளனம் 1979 மார்ச் 17ஆம் நாள் ‘உருக்கு இதயம் கொண்ட லொரேன்’ எனப் பொருள்படும் பெயரில் நிலையமொன்றைத் தொடக்கியது. மார்ச் 23ஆம் நாள் பாரிசில் நடைபெறவிருந்த பேரணிக்கு மக்களைத் திரட்டுவதே அதன் உடனடி நோக்கம். மார்செல் திரியா, ஜாக் துப்போன் ஆகிய பத்திரிகையாளர் இருவர் அதனை நடத்தினர். நகர மண்டபமே ஒலிபரப்புக் கூடமாயிற்று.

பேரணி முடிந்த பின்னரும் நிலையம் ஓயவில்லை. ஒலிவாங்கி எவருக்கும் திறந்திருந்தது. தொலைபேசியில் அழைத்தோரின் குரல் நேரடியாகவே ஒலித்தது. ஆலைத் தொழிலாளரும் இல்லத்தரசிகளும் வட ஆபிரிக்காவிலிருந்து குடிபெயர்ந்தோரும் தத்தம் வாழ்வைத் தாமே எடுத்துரைத்தனர். தொழிற்சங்கத்தை வெளிப்படையாகக் குறைகூறியோருக்கும் அங்கு இடமிருந்தது.

அரசு எதிரலைகளைச் செலுத்தி ஒலிபரப்பைக் குழப்பியது. அதற்கு ஹெலிகொப்டர்களும் பயன்படுத்தப்பட்டன. ஆயினும் மக்கள் திரண்டு நின்று நிலையத்தைக் காத்தனர். சட்டம் அரசின் பக்கம் இருந்தது. ஆனால் அச்சட்டத்தின் நியாயத்தை அந்நகரம் ஏற்கவில்லை. அதே 1979இல் சோஷலிசக் கட்சியின் அனுமதியற்ற ஒலிபரப்பொன்றின் காரணமாக பிரான்சுவா மித்தரான் மீதும் குற்றஞ்சாட்டப்பட்டமை, இம்முரண்பாடு லோங்விக்கு மட்டும் உரியதன்று என்பதைக் காட்டும்.

இனி நாம் கூறவிருப்பது முற்போக்காளர் சிந்தனைக்குரியது. அரசால் அடக்க முடியாத அக்குரலை அதனைத் தோற்றுவித்த சம்மேளனமே அடக்கியது. கம்யூனிஸ்ட் கட்சியுடன் நெருங்கிய உறவுடைய அதன் தலைமை, கட்டுப்பாடற்ற விவாதத்தைப் பொறுக்கவியலாது 1980இல் அவ்விரு பத்திரிகையாளரையும் விலக்கியது. நிலையம் உயிரிழந்தது.

1981இல் ஜனாதிபதியான மித்தரானின் ஆட்சியில், அதே ஆண்டு நவம்பரிலேயே சங்கங்கள் நடத்தும் உள்ளூர் வானொலிகளுக்குச் சட்டம் இடமளித்தது. ஆயின், 1984இல் விளம்பரங்களும் அனுமதிக்கப்பட்டபோது அவற்றுட் பல வணிக நிலையங்களாக உருமாறின.

அரசு, கட்சி, சந்தை ஆகிய மூன்றும் வெவ்வேறு நியாயங்களைக் கூறியே அலைவரிசைக்கு உரிமை கொண்டாடின. உரிமைப்பத்திரம் யார் கையில் உள்ளது என்பதோடு இப்பிரச்சினை முடிந்துவிடுவதில்லை. தன்னையே விமர்சிப்பவனிடம் ஒலிவாங்கியை நீட்டும் துணிவு ஓர் அமைப்புக்கு உண்டா என்பதே லோங்வி எழுப்பும் வினா. மக்கள் சார்பில் பேசுவதாகக் கூறும் இயக்கங்கள் இவ்வினாவை முதலில் தம்மை நோக்கியே எழுப்புதல் வேண்டும்.